சித்திலெவ்வையின் நாவலை நாங்கள் தெரிவு செய்த கதை

எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவிகள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்தி வருகிறோம். புதன்கிழமைகளில் பாடசாலை விட்டபின் நூலகத்தில் ஒரு மணி நேரம் கூடுவோம். மாதத்துக்கு ஒரு நாவல். எல்லோரும் வாசித்துவிட்டு வந்து பேச வேண்டும். இதுதான் ஒழுங்கு.

முதல் மாதம் நாங்கள் எடுத்தது விறுவிறுப்பான ஒரு துப்பறியும் நாவல். இரண்டே நாளில் எல்லோரும் வாசித்து முடித்துவிட்டோம். பேச உட்கார்ந்தபோது பத்து நிமிடத்தில் பேச்சும் முடிந்துவிட்டது. கொலை செய்தவர் யார் என்று தெரிந்தபின் பேச என்ன இருக்கிறது? மிச்ச நேரம் முழுவதும் தவணைப் பரீட்சையைப் பற்றித்தான் கதைத்தோம். இரண்டாவது மாதம் ஒரு குடும்பக் கதை. மருமகள் முழுக்க நல்லவள், மாமி முழுக்கக் கெட்டவள். ஒன்பது பேரும் மருமகளின் கட்சி. அன்றும் பேச்சு நீளவில்லை.

எங்கள் தமிழ் டீச்சர் இதைக் கேட்டுச் சிரித்தார். விரைவாக வாசிக்க நல்ல நாவல் வேறு, கூடிப் பேச நல்ல நாவல் வேறு என்றார். முதல் தடவை வாசிக்கும்போது கதை தெரிய வேண்டும், மறு தடவை வாசிக்கும்போது கதைக்குக் கீழே இன்னொன்று தெரிய வேண்டும். ஒன்பது பேரும் ஒரே முடிவுக்கு வர முடியாததாக அது இருக்க வேண்டும். எழுதியவர் யார், எந்தக் கவலையோடு எழுதினார் என்பதையும் அறிந்துகொண்டு தெரிவு செய்யுங்கள் என்று அவர் சொல்லித் தந்தார்.

மூன்றாவது மாதத்துக்கு ஒரு தோழி அஸன்பேயுடைய கதையை முன்மொழிந்தாள். 1885 இல் வெளிவந்த அந்நூலை இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். நாங்களும் அதைப் பரீட்சைக்காக ஒரு வரியாக மனனம் செய்திருக்கிறோமே தவிர, எவரும் வாசித்ததில்லை. பாதிப் பேர் எதிர்த்தார்கள். மொழி பழையது, கதை நடப்பது எகிப்திலும் இந்தியாவிலும், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அதனாலேயே, எழுதியவரின் வாழ்க்கையைத் தேடி வாசித்து அடுத்த புதன்கிழமை சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்று நான் சொன்னதையும் அதற்குப் பின் நடந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

அறிஞர் முகம்மது காசிம் சித்திலெவ்வை மரைக்காயர் 1838 ஜூன் 11 ஆம் திகதி கண்டியில் பிறந்தார். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போய் அப்போது இருபத்துமூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவருடைய தகப்பனார் இலங்கைச் சோனகருள் முதன்முதலாகச் சட்டத்தரணியானவர் என்று அறியப்படுபவர். ஆகவே வீட்டில் ஆங்கிலமும் சட்டப் புத்தகங்களும் இருந்தன. அறபும் மார்க்கக் கல்வியும் இருந்தன. பேசும் மொழியாகத் தமிழ் இருந்தது. கண்டி ஊரவருக்குச் சிங்களம் தானாக வரும். நான்கு மொழிகளும் தெரிந்த ஒருவராக அவர் வளர்ந்தார்.

தகப்பனாரின் வழியிலேயே அவரும் சட்டம் படித்து 1862 இல் சட்டத்தரணியானார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு. கண்டி மாநகர சபையில் உறுப்பினராக இருந்தார். நீதவானாகவும் கடமை பார்த்தார். நல்ல வருமானம், நல்ல மரியாதை. அந்த இடத்திலேயே அவர் நின்றிருந்தால் ஒரு குறையும் வந்திராது. வசதியான ஒரு கண்டி வழக்கறிஞராக வாழ்ந்து மறைந்திருப்பார், இன்று அவரை அவருடைய பரம்பரையினர் மட்டும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அவர் தன்னைச் சுற்றிப் பார்த்தார். அந்தக் காலத்தில் ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷனரிமாரின் கையில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளைகளின் ஈமான் போய்விடும் என்று முஸ்லிம் பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. மதம் மாற்றுவது அந்தப் பாடசாலைகளின் நோக்கங்களில் ஒன்றாகவே இருந்தது. ஆனால் பயத்தின் விலை பெரிதாக இருந்தது. மற்றச் சமூகங்களின் பிள்ளைகள் படித்து எழுதுவினைஞர்களாகவும் வைத்தியர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் வந்துகொண்டிருக்க, நம்மவர் வியாபாரத்தோடும் ஓதலோடும் நின்றார்கள். பெண் பிள்ளைகளின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

நமக்கென்று நாமே பாடசாலை அமைத்தால் பயமும் தீரும், கல்வியும் கிடைக்கும் என்பதுதான் சித்திலெவ்வை கண்ட வழி. இன்று கேட்கும்போது இலேசாக இருக்கிறது. அன்று இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டியிருந்தது. இதற்காக அவர் தன் சட்டத்தொழிலையே விட்டார். 1882 டிசம்பரில் முஸ்லிம் நேசன் என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்துநான்கு. நல்ல தொழிலை விட்டுவிட்டுப் பத்திரிகை நடத்தப் போகிறேன் என்று அந்த வயதில் ஒருவர் வீட்டில் வந்து சொன்னால், நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பத்திரிகை தொடங்கிய அடுத்த மாதம், 1883 ஜனவரியில், கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. எகிப்தில் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்து, 1882 செப்டெம்பரில் தெல்லுல் கபீர் என்ற இடத்தில் ஆங்கிலப் படையிடம் தோற்ற அஹ்மத் உறாபி பாஷாவும் அவருடைய தோழர்களும் அதில் நாடு கடத்தப்பட்டு வந்தார்கள். அவர்களுள் ஒருவரான மஹ்மூத் ஸாமி அல்பாறூதி அறபுலகம் கொண்டாடும் பெருங்கவிஞர். கொழும்பு முஸ்லிம்கள் அவர்களைப் பெரும் ஆவலோடு வரவேற்றார்கள். உறாபி பாஷா பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் இருந்தார். கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அவர் பெயரில் ஓர் அரும்பொருளகமாக இருக்கிறது. தரம் எட்டில் சுற்றுலா போனபோது நாங்கள் அதைப் பார்த்திருக்கிறோம். அப்போது எனக்கு அந்த வீட்டின் முற்றம் மட்டும்தான் நினைவில் நின்றது.

சித்திலெவ்வைக்கும் உறாபி பாஷாவுக்கும் ஏற்பட்ட உறவு இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றில் முக்கியமானது. முஸ்லிம்கள் தங்கள் மார்க்கத்தோடு இருந்துகொண்டே நவீன கல்வியைப் பெற முடியும் என்று சொல்வதற்கு அவருக்கு ஒரு பெரிய துணை கிடைத்தது. 1884 இல் கொழும்பில் அல்மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா என்ற பாடசாலை தொடங்கப்பட்டது. அது நிலைக்கவில்லை. மனம் தளராமல் மீண்டும் முயன்றார்கள். 1892 ஓகஸ்ட் 22 ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் அல்மத்ரஸதுஸ் ஸாஹிறா ஆரம்பமாயிற்று. உறாபி பாஷாவும் வாப்பிச்சி மரைக்காரும் அதற்குத் தோள் கொடுத்தார்கள். அதுவே இன்றைய கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி. முதல் முயற்சிக்கும் இரண்டாவது முயற்சிக்கும் இடையில் எட்டு வருடங்கள். ஒரு தவணையில் புள்ளி குறைந்தாலே படிப்பு எனக்குச் சரிவராது என்று அழுகிற நான், இந்த எட்டு வருடங்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

அந்த எட்டு வருடங்களின் தொடக்கத்தில்தான், 1885 இல், அஸன்பேயுடைய கதை வெளிவந்தது. தமிழில் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் அச்சாகி ஆறு வருடங்களே ஆகியிருந்தன. நாவல் என்பது எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்து எழுதத் தமிழில் முன்மாதிரி அநேகமாக இல்லை.

கதை சுருக்கமாக இது. எகிப்தில் ஒரு பெரிய குடும்பத்தில் பிறந்த குழந்தை களவாடப்படுகிறது. அது பம்பாயில் வளர்கிறது. தான் யாருடைய பிள்ளை என்று தெரியாத அஸன், ஆபத்துகளில் சிக்கித் தப்பி, கல்கத்தாவுக்குப் போய் ஆங்கிலக் கல்வியும் பெறுகிறான். பின்பு தன் பிறந்த நாட்டை அடைந்து பெற்றோருடன் சேர்ந்து, பே என்ற பட்டத்துக்கும் உரியவனாகிறான். மேலோட்டமாக வாசித்தால் இது ஒரு சாகசக் கதை. எங்கள் முதல் மாதத் துப்பறியும் நாவல் போலவே வேகமாக ஓடும்.

ஆனால் எழுதியவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு வாசித்தபோது எனக்குக் கதைக்குக் கீழே கேள்விகள் தெரிந்தன. அவற்றை நான் வட்டத்தில் வைத்தேன்.

முதற் கேள்வி, கண்டியில் பிறந்து வளர்ந்தவர் கண்டியை விட்டுவிட்டு ஏன் எகிப்தை எழுதினார் என்பது. எகிப்தியத் தலைவர்கள் தன் நாட்டிலேயே கைதிகளாக வாழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் எழுதுகிறார். அன்றைய வாசகருக்கு எகிப்து என்பது தூரத்து நாடு அல்ல, கொழும்பில் கண்ணால் கண்ட மனிதர்களின் நாடு. அப்படியானால் தன் வீட்டிலிருந்து பறிக்கப்பட்டுக் கடைசியில் வீடு திரும்புகிற அஸனில், திரும்ப முடியாமல் இங்கே இருந்த உறாபியின் நிழல் விழுந்திருக்கிறதா? விழுந்திருக்கிறது என்று ஐந்து பேர் சொன்னோம். நான்கு பேர் மறுத்தார்கள். களவு போன குழந்தை திரும்பி வருவது உலகம் முழுவதும் சொல்லப்படும் பழைய கதைதானே என்பது அவர்களுடைய வாதம்.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. உறாபியைத் தோற்கடித்து நாடு கடத்தியவர்கள் ஆங்கிலேயர். உறாபியை நேசித்த சித்திலெவ்வை, தன் கதாநாயகனை ஆங்கிலம் படிக்க வைக்கிறார். இது முரண் இல்லையா? ஒருத்தி முரண்தான் என்று அடித்துச் சொன்னாள். இன்னொருத்தி, ஒருவனுடைய ஆட்சியை வெறுத்துக்கொண்டே அவனிடமுள்ள அறிவைப் பெறலாம், அதைத்தான் அவர் தன் சமூகத்துக்கும் சொன்னார் என்றாள். தாங்கள் வீட்டில் பேசுவது ஒன்று, வகுப்பில் எழுதுவது ஒன்று, வேலைக்குத் தேவைப்படுவது ஒன்று என்று மூன்று மொழிகளுக்கு இடையில் நிற்கிற நாங்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. அன்று நூலகத்தைப் பூட்டுவதற்காக வந்த ஐயா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் வட்டத்தில் நேரம் போதாமல் போனது அதுதான் முதல் தடவை.

நான் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தது பெண் பிள்ளைகளைப் பற்றியது. சித்திலெவ்வை ஆண்களுக்குப் பாடசாலை அமைத்ததோடு நிற்கவில்லை. கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலையைத் திறந்தார். அதில் கற்பிக்கும் பொறுப்பைத் தன் சொந்தச் சகோதரியிடம் ஒப்படைத்தார். இதை வாசித்தபோது எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை ஏற்பட்டது. ஊரார் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது இலேசு. எதிர்ப்பு வரும் என்று தெரிந்தும் தன் வீட்டுப் பெண்ணையே முன்னால் நிறுத்துவது இலேசு அல்ல. அந்தச் சகோதரி காலையில் வீட்டை விட்டு இறங்கி அந்தப் பாடசாலைக்குப் போன முதல் நாளை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அதன் பின்பும் அவர் ஓயவில்லை. ஞானதீபம் என்ற சஞ்சிகையை நடத்தினார். மெய்ஞ்ஞானம் பற்றி அஸ்றாறுல் ஆலம் என்ற நூலை எழுதினார். நாவல் எழுதியவரும், சட்டம் பேசியவரும், பாடசாலைக்காக அலைந்தவரும், இறைவனைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தவரும் ஒரே மனிதர். 1898 பெப்ரவரி 5 ஆம் திகதி, அறுபது வயது நிறையும் முன்பே அவர் வபாத்தானார். 1977 இல் இலங்கை அரசாங்கம் அவருக்கு முத்திரை வெளியிட்டுக் கௌரவித்தது. கண்டியில் அவர் பெயரில் ஒரு பாடசாலை இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையைப் பஸ்ஸிலிருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பெயரை வாசித்திருக்கிறேனே தவிர மனிதரை அறிந்திருக்கவில்லை.

என் பேச்சு முடிந்ததும் வாக்கெடுப்பு நடந்தது. ஒன்பதில் எட்டுப் பேர் அஸன்பேயுடைய கதைக்குக் கை உயர்த்தினார்கள். ஒன்பதாமவள் மொழி இன்னும் பழையதுதான் என்று சொல்லிக்கொண்டே தானும் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டாள்.

இனி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் அந்தக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டு போனபோது வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. உயர்தரப் பரீட்சைக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று கேட்டார். கதைப் புத்தகம் வாசிக்கப் பரீட்சை முடிந்தபின் காலம் இருக்கிறது என்றார். வாசகர் வட்டத்துக்கு அடுத்த தவணையும் நான் பிந்தி வருவதற்கு வாப்பா கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கடிதம் மேசையில் அப்படியே கிடந்தது. வாப்பாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. புதன்கிழமைகளில் கடையை நேரத்தோடு மூடிவிட்டு என்னை அழைத்துப் போக பஸ் தரிப்பிடத்தில் வந்து நிற்பது அவர்தான். படிக்க வைத்தால் பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்று அன்றைய பெற்றோர் பயந்தார்கள். படிப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்று இன்றைய பெற்றோர் பயப்படுகிறார்கள். பயம் இரண்டிலும் பாசம்தான் இருக்கிறது.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு நான் உம்மும்மாவின் கட்டிலில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். உம்மும்மாவுக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. குர்ஆன் ஓதுவார். அறபு எழுத்தில் எழுதிய தமிழையும் எழுத்துக்கூட்டி வாசிப்பார். தமிழ் எழுத்து இப்போது கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. என்ன வாசிக்கிறாய் மகள் என்று கேட்டார். நான் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். எங்களுக்குப் பழையதாகத் தோன்றிய சொற்கள் உம்மும்மாவுக்குப் பழகிய சொற்களாக இருந்தன. நான் தடுமாறிய இடங்களில் அவர் கருத்துச் சொன்னார். மூன்று இரவுகள் அப்படியே போயின.

குழந்தையைக் களவாடிக் கொண்டுபோன பகுதியைத் தாண்டி வெகுதூரம் வந்தபின், உம்மும்மா திடீரென்று என்னை நிறுத்தினார். இவ்வளவு காலமும் அந்தப் பிள்ளையின் உம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. ஒன்பது பேர் கூடி, எகிப்தையும் ஆங்கிலேயரையும் மொழியையும் பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் விவாதித்தோம். அந்தத் தாயை ஒருத்தியும் கேட்கவில்லை. கதை மகனோடு ஓடுகிறது, நாங்களும் அவனோடு ஓடிவிட்டோம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன உம்மும்மா மட்டும் அந்த வீட்டு வாசலிலேயே நின்றிருக்கிறார். ஐந்து பிள்ளைகளைப் பெற்று ஒரு பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர் அவர் என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த புதன்கிழமை எங்கள் வட்டம் பேசியது முழுவதும் உம்மும்மாவின் கேள்வியைத்தான். டீச்சர் அன்று ஒன்றும் பேசாமல் ஓரமாக இருந்து கேட்டார். எழுதியவரின் வாழ்க்கை ஒரு நாவலுக்குள் நுழைவதற்கு ஒரு கதவைத் திறக்கும், வாசிக்கிறவரின் வாழ்க்கை இன்னொரு கதவைத் திறக்கும் என்று அன்று எனக்கு விளங்கியது. ஒருவர் மட்டும் வாசித்தால் ஒரு கதவுதான். அதற்காகத்தான் கூடி வாசிக்கிறோம் போலும். பெண்களும் படிக்க வேண்டும் என்று சித்திலெவ்வை ஆசைப்பட்டதில் இதுவும் அடங்கும் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். அவருடைய காலத்தில் உம்மும்மாவைப் போல எத்தனை பேர் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமலே போயிருப்பார்கள்.

தங்கைகளே, நீங்களும் ஒரு வாசகர் வட்டம் தொடங்கினால், எல்லோருக்கும் பிடிக்கும் நாவலைத் தேட வேண்டாம். உங்களைப் பிரித்து வைத்து மறுபடியும் பேசக் கூட்டி வரும் நாவலைத் தேடுங்கள். அதை எழுதியவர் எதை இழந்து எழுதினார் என்று தேடிப் பாருங்கள். முடிந்தால் அதை வீட்டில் ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

மர்ஹூம் சித்திலெவ்வை அவர்களுடைய பணிகளை அல்லாஹ் ஏற்று அவருக்கு மேலான சுவர்க்கத்தை வழங்குவானாக.

கடிதத்தில் வாப்பா இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் போட்டோக் கொப்பி இரண்டு நாளாக என் மேசையில் இல்லை. கடை மேசையின் லாச்சிக்குள் இருந்ததாகத் தம்பி சொன்னான். வாப்பா பம்பாய் வரை வந்துவிட்டாராம்.